காசில்லாத கம்பெனி செய்த கழுகு

கெல்வினேட்டர் என்றால் நம்மூரில் ஃபிரிட்ஜ். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணச் சீரோடு வந்து கூடத்தில் நின்ற அதே பெயர்தான். அந்தப் பெயருக்கும் இன்று உயிரோடு இல்லாத ஒரு அமெரிக்கக் கார் கம்பெனிக்கும் ரத்த சொந்தம் உண்டு. 1954 மே மாதம் நாஷ்-கெல்வினேட்டர் என்ற கம்பெனியும் ஹட்சன் என்ற கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் கார்ப்பரேஷன் உருவானது. சுருக்கமாக ஏஎம்சி. ஒரு பக்கம் கார், இன்னொரு பக்கம் ஃபிரிட்ஜ் என்று ஓடிய கம்பெனி, 1968இல் கெல்வினேட்டர் பிரிவை விற்றுவிட்டது. அதன் பிறகு காரை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை. எதிரில் நின்றவர்களோ ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று யானைகள்.

அந்த ஏஎம்சி 1979இன் பிற்பகுதியில், 1980 மாடல் என்று சொல்லி வெளியிட்ட காரின் பெயர் ஈகிள். பார்ப்பதற்கு அந்தக் காலத்துச் சாதாரண அமெரிக்கக் குடும்பக் கார்தான். நீளமான மூக்கு, சதுர விளக்கு, மெத்தை போன்ற சீட்டு. ஸ்டேஷன் வேகன் என்றால் பக்கவாட்டில் மரம் போன்ற ஸ்டிக்கர் வேறு. ஆனால் ஏதோ ஒன்று இடிக்கும். கூட்டத்தில் எட்டிப் பார்க்க எக்கி நிற்பவரைப் போல, கார் தரையிலிருந்து ஒரு 3 அங்குலம் கூடுதலாக உயர்ந்து நிற்கும். சக்கரங்களுக்கு மேலே தடித்த பிளாஸ்டிக் விளிம்பு. கீழே குனிந்து பார்த்தால்தான் ரகசியம் தெரியும்: நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகிறது.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் அதுவரை ஜீப்பும் லாரியும்தான். இந்தியாவில் 1947 முதல் மஹிந்திரா ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முதுகெலும்பு உடைகிற மாதிரி குலுங்கும், மழை பெய்தால் பக்கவாட்டில் சாரல் அடிக்கும், ஆனால் எந்தச் சேற்றிலிருந்தும் ஏறி வந்துவிடும். சொகுசா, சேறா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஒரே வண்டியில் என்பது அன்றைக்குப் பெரும்பாலோருக்குத் தோன்றாத எண்ணம்.

ஏஎம்சிக்கு அது தோன்றியதற்குக் காரணம் மேதைமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பாதிக் காரணம் வறுமை.

எழுபதுகளில் ஏஎம்சியின் நிலைமை அப்படி. 1970 மாடலாக வந்த ஹார்னெட் என்ற காரை வைத்துத்தான் குடும்பமே நடந்தது. அதன் பின்புறத்தை வெட்டி கிரெம்லின் என்று விற்றார்கள். ஹார்னெட்டையே சீவிச் சிங்காரித்து 1978 மாடலில் கான்கார்ட் என்று விற்றார்கள். நடுவில் ஒரே ஒரு முறை துணிந்து செலவு செய்து பேசர் என்ற புத்தம் புதுக் காரை 1975இல் கொண்டு வந்தார்கள். அது ஜெனரல் மோட்டார்ஸ் தருவதாக இருந்த ரோட்டரி எஞ்சினை நம்பி வரையப்பட்டது. அந்த எஞ்சின் திட்டத்தையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. பேசருக்குள் பழைய கனத்த ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணிக்க வேண்டியதாயிற்று. முதலில் ஓடிய விற்பனை சீக்கிரமே படுத்துவிட்டது. இன்னொரு புதுக் காருக்குப் பணம் இல்லை.

இருந்ததெல்லாம் இரண்டு. ஒன்று, ஏற்கெனவே அச்சு வார்த்து, செலவெல்லாம் கணக்கில் பெரும்பாலும் கழிந்துபோன ஒரு பத்து வருடப் பழைய கார் உடம்பு. இரண்டாவது, ஜீப். ஆம், 1970இல் கைசர் கம்பெனியிடமிருந்து ஜீப் தொழிலை ஏஎம்சி வாங்கியிருந்தது. வாங்கிய நேரத்தில் பலர் சிரித்தார்கள். கடைசியில் அந்த வீட்டில் சம்பாதித்துப் போட்ட பிள்ளை அதுதான்.

இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் ராய் லன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஃபோர்டு கம்பெனியில் இருந்தபோது ஜிடி40 பந்தயக் காரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1971இல் ஏஎம்சிக்கு வந்து ஜீப் பொறியியலுக்குத் தலைவரானார். லெ மான்ஸ் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடித்த கார்களோடு பழகியவர், இங்கே வந்து பழைய கான்கார்டின் அடியில் படுத்து யோசிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிரச்னை இதுதான். ஒரு கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் தூரமும் பின்சக்கரங்கள் போகும் தூரமும் ஒன்றல்ல. முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம். முன்னையும் பின்னையும் இரும்புத் தண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால், இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். சேற்றிலும் பனியிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. டயர் தேயும், கியர் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் பழைய ஜீப்புகளில் தேவைப்படும்போது மட்டும் இழுத்துப் போட ஒரு தனி லீவர். 1972இல் ஜப்பானில் சுபாரு லியோன் ஸ்டேஷன் வேகன் ஃபோர் வீல் டிரைவோடு வந்தபோதும் அதே கதைதான். காய்ந்த ரோட்டில் அதை எடுத்துவிட வேண்டும். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற அம்மாவுக்கு எதற்கு இந்தத் தலைவலி?

இதற்கு விடை இங்கிலாந்தில் இருந்தது. அதன் வேரோ ஒரு டிராக்டரில். சென்னையின் டாஃபே கம்பெனி 1960களிலிருந்து தயாரித்து, தமிழ்நாட்டு வயல்களில் எங்கும் பார்க்கிற மேசி ஃபெர்குசன் டிராக்டரின் பெயரில் இரண்டாவது பாதி, ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரருடையது. அவர் 1953இல் தன் டிராக்டர் தொழிலை மேசி-ஹாரிஸ் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, சாதாரணக் காருக்கும் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டினார். 1960இல் இறந்துபோனார். எந்தக் கம்பெனியும் பெரிதாக வாங்கிக்கொள்ளவில்லை. மறு வருடம், 1961இல், அவருடைய ஆட்கள் செய்த பி99 என்ற காரில் ஸ்டர்லிங் மாஸ் ஓல்டன் பார்க்கில் ஜெயித்தார். சாம்பியன்ஷிப் கணக்கில் சேராத பந்தயம்தான். ஆனாலும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றில் ஜெயித்த ஒரே ஃபோர் வீல் டிரைவ் கார் இன்றுவரை அதுதான். 1966 முதல் 1971 வரை ஜென்சன் எஃப்எஃப் என்ற விலையுயர்ந்த காரில் இந்தத் தொழில்நுட்பம் வந்தது. மொத்தம் 320 கார்கள். அதோடு சரி.

ஃபெர்குசன் குழுவில் இருந்த டோனி ரோல்ட் (1953 லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த இருவரில் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தவர், தனிப் பதிவே எழுதலாம்) 1971இல் எஃப்எஃப் டெவலப்மெண்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி அந்த வேலையைத் தொடர்ந்தார். அவர்களிடம் இருந்த துருப்புச் சீட்டுதான் விஸ்கஸ் கப்ளிங்.

பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. மூடிய ஒரு டப்பாவுக்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு தட்டு முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டோடு, அடுத்த தட்டு பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டோடு என்று மாறி மாறி. இடையில் கெட்டியான சிலிக்கோன் திரவம். வெல்லப்பாகில் கரண்டியை மெதுவாக நகர்த்தினால் நகரும், வெடுக்கென்று இழுத்தால் பாகு பிடித்துக்கொள்ளும் அல்லவா? அதேதான். வளைவில் திரும்பும்போது ஏற்படும் சின்ன வித்தியாசத்தை அந்தத் திரவம் கண்டுகொள்ளாது. ஒரு பக்கச் சக்கரங்கள் பனியில் வழுக்கி வெறுமனே சுற்ற ஆரம்பித்தால், தட்டுகளுக்கு இடையே வேக வித்தியாசம் கூடி, திரவம் இறுக்கிப் பிடித்து, விசை பிடிப்புள்ள சக்கரங்களுக்குப் போகும். லீவர் இல்லை, பொத்தான் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஓட்டுபவருக்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

1977இல் ராய் லன் இதை ஏஎம்சி நிர்வாகத்தின் முன் வைத்தார். தலைவர் ஜெரால்ட் மையர்ஸ் ஒப்புக்கொண்டார். கான்கார்டின் அடியில் ஃபெர்குசன் மரபில் வந்த அமைப்பு நுழைந்தது. ஜீப்பில் இருப்பது போல முன்பக்கம் ஒரே இரும்பு அச்சு இல்லை. முன்பக்க டிஃபரென்ஷியலை எஞ்சினோடு பொருத்தி, இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனியே மேலும் கீழும் அசையவிட்டார்கள். காரின் சொகுசு காரிலேயே இருந்தது. அமெரிக்காவில் பெரிய அளவில் உற்பத்தியாகி, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற முதல் பாசஞ்சர் கார் பிறந்தது இப்படித்தான்.

ஈகிளின் மற்ற பாகங்களைப் பார்த்தால் வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிரைஸ்லரிடம் வாங்கியது. ஸ்டியரிங் அமைப்பு ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவினுடையது. இக்னிஷன் ஃபோர்டினுடையது. 1981இல் வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின்கூட ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கியதுதான். எதிரிகள் மூவரிடமும் காசு கொடுத்து வாங்கிய பாகங்களை வைத்து, அந்த மூவரிடமும் இல்லாத ஒரு காரைச் செய்திருக்கிறார்கள். எதை நாமே செய்வது, எதை வெளியில் வாங்குவது என்று பாடப்புத்தகத்தில் வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதல் வருடம் 45,000க்கும் மேல் உற்பத்தி. சின்னக் கம்பெனிக்கு அது நல்ல எண்ணிக்கை. 1981இல் சிறிய உடம்போடு எஸ்எக்ஸ்/4, காம்பேக் என்று இரண்டு தம்பிகளும் வந்தார்கள். அதே வருடம், தேவையில்லாதபோது இரண்டு சக்கரத்தில் மட்டும் ஓட்ட ஒரு சுவிட்சும் வந்தது. (பெட்ரோல் விலை அப்போது அப்படி. 1979 ஈரான் புரட்சிக்குப் பின் வந்த எண்ணெய் நெருக்கடி நேரத்தில் 4.2 லிட்டர் எஞ்சினோடு ஒரு கனத்த காரை விற்பது என்பது மழைக்காலத்தில் உப்பு விற்கிற மாதிரி.)

1980 மார்ச்சில், ஈகிள் கடைக்கு வந்து சில மாதங்கள் கழித்து, ஜெனிவா கண்காட்சியில் ஆடி தன் குவாட்ரோ காரைக் காட்டியது. ராலி பந்தயங்களில் ஜெயித்தது. இன்றைக்கு ஃபோர் வீல் டிரைவ் கார் வரலாறு என்று யாரைக் கேட்டாலும் குவாட்ரோவில்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பழைய குவாட்ரோ 1991 வரை மொத்தம் 11,000 சொச்சம்தான் செய்யப்பட்டது. ஈகிள் ஏறக்குறைய 2 லட்சம். ஒன்று பணக்காரனின் பந்தயக் குதிரை, இன்னொன்று பால்காரரின் மாடு. சிலை குதிரைக்குத்தான் வைப்பார்கள்.

ஏஎம்சியைக் காப்பாற்ற ஈகிள் போதவில்லை. 1980 முதல் 1983 வரை வரிசையாக நஷ்டம். பிரெஞ்சு அரசுக் கம்பெனியான ரெனோ உள்ளே வந்து, பங்கைக் கூட்டிக் கூட்டி 46 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. புதுப் பணமெல்லாம் ரெனோவின் சின்னக் கார்களுக்கும், ஜீப்புக்கும் போயிற்று. இதில் ஜீப்புக்குப் போனது வீணாகவில்லை. 1984 மாடலாக வந்த செரோக்கி ஜீப்பும் ராய் லன் தலைமையில் வந்ததுதான். அமெரிக்காவில் 2001 வரை தயாரானது. ஈகிளுக்கு மட்டும் யாரும் ஒரு டாலர்கூடப் பெரிதாகச் செலவழிக்கவில்லை. கான்கார்டும் ஸ்பிரிட்டும் 1983 மாடலோடு நின்றன. தம்பிகள் இருவரும் போய்விட்டார்கள். 1984 முதல் ஏஎம்சியின் சொந்தக் கார் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது ஈகிள் மட்டுமே.

1986 நவம்பர் 17 அன்று ரெனோவின் தலைவர் ஜார்ஜ் பெஸ் பாரிஸில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக்சியோன் டிரெக்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழுவின் வேலை. ரெனோவுக்குள் அமெரிக்க முதலீட்டை ஆதரித்துப் பேசிய பெரிய குரல் அவருடையது. நான்கே மாதத்தில், 1987 மார்ச்சில், ஏஎம்சியை கிரைஸ்லர் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கிரைஸ்லரின் தலைவர் லீ அயகோக்காவுக்கு வேண்டியிருந்தது ஜீப். ஈகிள் அந்தப் பொட்டலத்தோடு வந்த சணல் கயிறு.

கடைசி ஈகிள் 1987 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையிலிருந்து வெளியே வந்தது. 1988 மாடல் என்று செய்யப்பட்டவை 2,300 சொச்சம், எல்லாமே ஸ்டேஷன் வேகன். ஏஎம்சி என்ற பெயர் அவற்றில் இல்லை. அடுத்த வருடமே, 1988 டிசம்பரில், விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா நகரத்தில் நாஷ் காலத்திலிருந்து கார் செய்துகொண்டிருந்த ஆலையில் கார் கட்டும் வேலையை கிரைஸ்லர் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. எஞ்சின் பிரிவு மட்டும் 2010 வரை ஓடியது.

ஈகிள் செத்து ஏழே வருடத்தில் சுபாரு தன் லெகசி ஸ்டேஷன் வேகனைக் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிலும் பிளாஸ்டிக் விளிம்பு வைத்து, அவுட்பேக் என்று விற்க ஆரம்பித்தது. கூட்டம் அலைமோதியது. 1997இல் வோல்வோ, 1999இல் ஆடி என்று ஆளாளுக்கு அதையே செய்தார்கள். இன்று உலகம் முழுக்க குடும்பத்தோடு போகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் உயர்த்திய கார்தான். கணக்குச் சரி, கட்டிய நேரம்தான் தப்பு. அந்த நேரத்தில் கையில் காசும் இல்லை.

சரி, இன்றைக்கு ஒரு ஈகிளை வைத்திருப்பது எப்படி? அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் வைத்திருக்கிறார்கள். கோடிகளில் ஏலம் போகிற ரகம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டால் எப்போதோ பூஜ்யத்துக்கு வந்துவிட்ட சொத்து. அதை வாங்கி ஓட்டுகிறவர் விலை ஏறும் என்று வாங்குவதில்லை.

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துரு. பனி விழும் ஊர்களில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். ஈகிள் அதிகம் விற்றதும் அந்த ஊர்களில்தான். 1980 முதல் ஏஎம்சி தன் கார்களுக்கு ஆலையிலேயே சீபார்ட் துருத்தடுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தது. அந்தக் காலத்து மற்ற கார்களோடு ஒப்பிட்டால் நல்ல வேலை. ஆனாலும் நாற்பது வருட உப்புக்கு எந்தப் பூச்சு தாங்கும்? இதற்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். ஆகவே பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வந்து சேரும் இடம் அரித்துப்போயிருந்தால் மேலே பளபளப்பதை நம்பக் கூடாது. அடுத்து முன் அச்சுகளின் ரப்பர் உறை. அது கிழிந்து, கிரீஸ் போய், மண் ஏறினால் கடகடவென்று சத்தம் வரும். ஆரம்ப வருடக் கார்களில் அந்த விஸ்கஸ் கப்ளிங்கே பெரிய தலைவலி. திரவம் ஒழுகியோ கெட்டோ போனால், பாகு இல்லாத பாத்திரத்தில் கரண்டி சுற்றுகிற கதை. சீல் வைத்த டப்பா என்பதால் பிரித்துச் சரிசெய்வதும் லேசில் நடக்காது.

எஞ்சினைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. 4.2 லிட்டர், நேர் வரிசையில் ஆறு சிலிண்டர், அடித்தாலும் சாகாது. அதன் தலையில் எண்பதுகளில் வைத்த பிளாஸ்டிக் மூடிதான் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டரும் அதைச் சுற்றிச் சேமியா போலப் பின்னிக் கிடக்கும் வேக்குவம் குழாய்களும் பொறுமையைச் சோதிக்கும். பலர் அலுமினிய மூடிக்கு மாறிவிடுகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் 1987இல் ஜீப்புக்கு வந்த 4 லிட்டர் எஞ்சினின் ஹெட்டை எடுத்து இதில் பொருத்தி, ஃபியூவல் இஞ்செக்‌ஷனும் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே குடும்பத்து எஞ்சின்கள். ஏஎம்சி வடிவமைத்த அந்த 4 லிட்டர் எஞ்சின் 2006 வரை ஜீப்பில் வந்துகொண்டிருந்தது.

உண்மையான கஷ்டம், ஈகிளுக்கு மட்டுமே உரிய பாகங்களில். அந்தச் சக்கர விளிம்புப் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து வெடித்துவிட்டால் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் வேட்டையாட வேண்டும். கதவு உள்பக்க அட்டை, மர ஸ்டிக்கர், விளக்கு மூடி எல்லாம் அதே பாடு. ஒரு ஈகிளை ஓட்ட இன்னொரு ஈகிளைக் கொட்டகையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

ஓடும் பாகங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எஞ்சினுக்கு கேஸ்கெட்டோ வாட்டர் பம்ப்போ வேண்டும் என்றால், உதிரிபாகக் கடையில் போய் ஏஎம்சி ஈகிள் என்று கேட்டால் கல்லாவில் இருக்கும் பையன் முழிப்பான். 1990 ராங்க்ளர் ஜீப், 4.2 லிட்டர் என்று கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிடுவான்.